அம்மா கல் அடுக்கிய சீடி

எங்கள் வீட்டில் கேம் பைத்தியம் பிடித்திருந்தது அம்மாவுக்குத்தான் என்றால் யார் நம்புவார்கள்? சின்னமாமா இத்தாலியில் பாவித்துச் சலித்த கேம் பெட்டியை எனக்கும் அண்ணாவுக்கும் என்றுதான் அனுப்பினார். மற்ற சீடிகளோடு, மேலிருந்து விழும் கற்களை அடுக்கும் ஒரு சீடியும் வந்தது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டார். பள்ளி விடுமுறைக் காலையில் நான் ஆசையாய் எழும்பி வந்தால், பாயில் சப்பாணி கட்டி அம்மா அடுக்கிக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

உப்புக்காற்று எதைத்தான் விட்டுவைத்தது? பெட்டிக்குள் சீடியைப் படிக்கும் லென்ஸ் மங்கியது. கொஞ்சநாள் தலைகீழாய்க் கவிழ்த்து வைத்து ஓட்டினோம். பிறகு அதுவும் சரிவரவில்லை. கணினி படித்துக்கொண்டிருந்த அண்ணா, பெட்டி சாகமுன் எல்லாச் சீடியையும் கணினியில் கொப்பி எடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தார். கார் ஓட்டம், பந்தடி எல்லாம் ஏறின. அம்மாவின் சீடியை எடுத்தால் கை வழுக்கியது. கீறல் விழுந்த இடமெல்லாம் கோவில் எண்ணெய்!

“அம்மா, இதென்ன வேலை? சீடிக்கும் எண்ணெயா?” என்றார் அண்ணா.

“ஏன், உன்ட முழங்கால் அதாலதானே சுகமானது?”

சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தும் கொப்பி பாதியில் நின்றுவிட்டது. “சரி விடு மகன்” என்று அம்மா குசினிக்குள் போய்விட்டார். அப்பா கடலில் நின்ற அன்று, கடலைக் கொந்தளிக்கவைக்கும் கச்சான் காற்று பலமாக அடித்தது. சோறு அடிப்பிடித்தது. என்னைக் காரணமில்லாமல் இரண்டு தரம் ஏசினார்.

அப்பா எங்கள் பெட்டியைப் பேய்ப்பெட்டி என்றுதான் சொல்வார். அப்பேர்ப்பட்டவர் அடுத்தநாள், மீன் பட்டுக்கொண்டிருந்த நேரத்தில், கடலுக்குப் போகவில்லை. பூசைக்குப் போடும் சட்டையைப் போட்டு, சீடியைக் கைலேஞ்சியில் சுற்றி, பெட்டியோடு அண்ணாவையும் மீன் லொறியில் ஏற்றிக்கொண்டு சிலாபம் போனார். பொழுதுபடத் திரும்பினார்கள். கடைக்காரர் சீடியைத் தேய்த்துத் தேய்த்து, ஒருவழியாய் எல்லாவற்றையும் மெமரி கார்டில் ஏற்றிவிட்டாராம். பழுதான டிரைவைக் கழற்றி, கார்டைப் படிக்கும் சின்ன மின்பலகையொன்றும் பூட்டியிருந்தார்.

“இனி சீடியே தேவையில்ல” என்றார் அண்ணா.

அம்மா இரண்டு வரி அடுக்கிப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு நிறைகிறது.

மறுநாள் விடியக் காற்று குறையவில்லை. வலையைத் தோளில் போட்டுக்கொண்ட அப்பா வாசலில் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

“பெட்டி வேல செய்யுதா?”

“ஓம்.”

“அப்ப நான் போயிட்டு வாறன்.”

சரிதான், அப்பாவுக்கும் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன். அதுவரை, அப்பாவின் படகு கரையில் நின்ற நாட்களில் அம்மா ஒருநாளும் அந்தப் பெட்டியைத் தொட்டதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அப்பாவுக்கு அது தெரிந்திருந்தது.