கப்பலடியில் ஒரு குழி

லேனா ஆற்றில் குளிர் குறைந்தால் கபிரீல் அண்ணனுக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் கப்பல்துறையில் குளிர்காலம் முழுக்கக் கப்பல்கள் உறைந்த ஆற்றில் சிக்கி நிற்கும். அடியில் கப்பலை உந்தும் விசிறியைப் பழுது பார்க்க, சுற்றிலும் பனிக்கட்டியை வெட்டிக் குழி இறக்க வேண்டும். ஒரேயடியாக வெட்டினால் ஆறு மேலே வந்துவிடும். கொஞ்சம் வெட்டி, அடியில் ஒரு சாண் கட்டியை விட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். குளிர் குழிக்குள் இறங்கி, கீழே இருக்கும் தண்ணீரை இன்னும் கொஞ்சம் உறைய வைக்கும். அப்புறம் மறுபடி கோடரி. பாதி வேலை மனுஷனுடையது, மீதி குளிருடையது.

அங்கே சமையல் என்னுடையது. அண்ணன் இமையெல்லாம் பனி பூத்து வெள்ளையாக வந்து உட்காருவார். இரண்டு விரல்களுக்கு நுனி கிடையாது. தொப்பியைக் கழற்றி ஜெபம் பண்ணிவிட்டுத்தான் குதிரைக்கறிச் சாற்றில் கரண்டி வைப்பார்.

அந்த வருஷம் அவருக்கு ஒரு ஆசை இருந்தது. அவர் மனைவி ஆனிஸுக்கு நெஞ்சு சரியில்லை. அவர்களுடையது பழைய மரவீடு. அடுப்பு எரிந்தால் புகை, அணைந்தால் குளிர். இரண்டும் அவளுக்கு ஆகாது. துறையின் கட்டடத்தில் வெந்நீர்க் குழாய் ஓடும் அறை ஒன்று காலியாக இருந்தது. கப்பலுக்கு ஒரு கூட்டம் வெட்டும்; அண்ணன் ஒன்றுக்குத் தலைவர். எந்தக் கூட்டம் முதலில் குழியை முடிக்கிறதோ, அதன் தலைவனுக்கு அந்த அறை என்று மேலாளர் சொல்லியிருந்தார். ஆனிஸ் அடுத்த குளிரை அந்த மரவீட்டில் தாண்டமாட்டாள் என்று அண்ணனுக்குத் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

விசிறியின் கடைசி இலையைச் சுற்றி வெட்டுவது மட்டும் பாக்கி இருந்தபோது வெயில் வந்துவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே ஐம்பது டிகிரியில் நின்ற குளிர் இருபதுக்குத் தணிந்தது. ஆனிஸ் பல மாதம் கழித்துக் கோயிலுக்கு நடந்தே வந்து, வெயிலுக்கு நன்றி சொல்லி, அது நீடிக்க வேண்டுமென்று கேட்டு மெழுகுவர்த்தி ஏற்றினாள். நான்தான் பக்கத்தில் நின்றேன். அவள் முகத்தில் ரத்தக்களை திரும்பியிருந்தது.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் அண்ணன் கூட்டத்து ஸ்வோதர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"அண்ணி வெயிலு கேக்குது, நீ குளிரு கேக்குற. ஒரே வீட்டுலேருந்து ரெண்டு மனு போனா ஆண்டவரு என்னண்ணே பண்ணுவாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் தட்டைக் கழுவும் சாக்கில் என்னிடம் வந்தார்.

"ஆனிஸு இப்பதான் நிம்மதியா மூச்சு விடுறா, தங்கச்சி. இப்ப நான் எப்படிக் குளிரு வேணும்னு முட்டி போடுறது?"

'உமது சித்தம் ஆகட்டும்' என்று சொல்லுங்கள் என்றேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார்.

குளிர் தணிந்த நாளில் குழிக்குள் கோடரி இறங்கக் கூடாது. விழுந்த பனியைக் கூட்டித் தள்ளிவிட்டுக் காத்திருப்பதுதான் எங்கள் ஆட்களின் வழக்கம். மீறினவர்களை அண்ணனே திட்டியிருக்கிறார். ஆனால் பக்கத்துக் கூட்டம் முடிக்கப்போகிறது என்ற பேச்சு அதற்கடுத்த நாள் காலையில் வந்தது. அவர் இறங்கினார். கோடரிக் காம்பால் தட்டிப் பார்த்தாராம். அடிக்கட்டி மெல்லிசு என்று சத்தத்திலேயே தெரிந்ததாம். வேண்டாமென்று ஸ்வோதர் சொல்லியும் வெட்டினாராம்.

நூல் மாதிரி ஒரு விரிசல், அதிலிருந்து தண்ணீர். கம்பளித் துணியையும் ஈரப்பனியையும் வைத்து அடைத்தார்கள். கடுங்குளிரில் அது உடனே இறுகிவிடும். அன்றைக்கு இறுகுவதற்குள் தண்ணீர் அதைக் கூழாக்கித் தள்ளிவிட்டது. அவரைக் கையைப் பிடித்து மேலே இழுத்தார்கள். நான் சாறு இறக்குவதற்குள் குழி விளிம்புவரை நிரம்பிவிட்டது.

சாயங்காலம் வடகாற்று கிளம்பியது. விடிந்தபோது மறுபடி ஐம்பது. ஒரு குளிர்காலம் முழுக்க வெட்டிய குழி, ஏணி, விசிறி எல்லாம் ஒரே கட்டியாக நின்றன. அறை பக்கத்துக் கூட்டத்தின் தலைவனுக்குப் போனது.

நான் சாறு எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆனிஸ் அடுப்போரம் சுருண்டிருந்தாள்.

"நான்தான் போயி வெயிலு கேட்டேன்."

"மூச்சு விடணும்னு கேட்ட. அதுல என்ன தப்பு" என்று சொல்லிக்கொண்டே அண்ணன் அடுப்பில் விறகு வைத்தார்.

புகை கிளம்பியது. அவள் இருமினாள். அவர் எழுந்து கதவைத் திறந்தார். வெளிக்குளிர் வெள்ளை மூட்டமாக உள்ளே உருண்டு வந்தது. அவள் இன்னும் பலமாக இருமினாள். சாத்தினார். புகை சேர்ந்தது. மறுபடி தாழ்ப்பாளில் கை வைத்தபடி, திறப்பதா வேண்டாமா என்று அவளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.