அசையாத கோடு

நான் செய்த ஆசிலேட்டர், அதாவது மின்அலையை உண்டாக்கும் சர்க்யூட், ஓர் அலைவரிசையில் நிற்காது. மின்விசிறிக் காற்று பட்டாலே நகரும். உறுதியான வேறொரு சிறு சிக்னலை உள்ளே செலுத்தினால் அதைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். என் எட்டு வருட ஆராய்ச்சி அவ்வளவுதான்.

போன மாதம் திரையில் அலைவரிசையைக் காட்டும் கோடு அசையாமல் நின்றது. வீடு திரும்பும்போது வேங்கிக்கால் பஸ்ஸில் தனியாகச் சிரித்தேன். ஆய்வேட்டின் கடைசி அத்தியாயத்தை அதை நம்பியே எழுதி முடித்தேன்.

நேற்று கல்லூரி ஆய்வகத்துக்கு அளவுகளைச் சரிபார்க்க வந்த சக ஆசிரியை தயங்கினார்.

"சார், உங்க ஆசிலேட்டர் கரன்ட்டே எடுக்கலீங்களே. ட்ரான்சிஸ்டர் செத்து ரொம்ப நாளாச்சு போல."

"அப்ப திரையில நிக்கறது?"

"நீங்க அனுப்புற சிக்னல்தாங்க. அதுவே திரும்பி வருது."

சிக்னலை அணைத்தேன். கோடு போய்விட்டது. ஜன்னலுக்கு வெளியே மலை மட்டும் அசையாமல் நின்றது. ஒரு மாதமாக அந்தச் சிக்னலை அணைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.