மூடியே கிடக்க வேண்டிய குழி

ஊரார் அவளுக்கு வைத்த பெயர் குழிக்காரி. பெயர் வைப்பவர்களுக்கு என்ன, வாய் வலிக்கவா போகிறது? மாட்டுக்குத் தீனி தேடி அலைகிறவளுக்குத்தான் தெரியும் அந்தப் பாடு.

கல்யாணமாகி வந்ததிலிருந்து தொழுவம் அவள் பொறுப்பு, வயல் கணவன் பொறுப்பு. போன கோடையில் பச்சை என்று கண்ணில் காட்ட ஒரு புல் இல்லை. காய்ந்த சோளத்தட்டையை மென்று மென்று நான்கு மாடுகளும் எலும்பும் தோலுமாயின. பால் பாதியானது. இன்னொரு கோடையை இப்படிக் கடத்தினால் தொழுவத்தில் ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

மாட்டு டாக்டர் ஒரு வழி சொன்னார். மக்காச்சோளத்தை, மணி பாலேறிக் கெட்டியாகிற பதத்திலேயே தட்டையோடு வெட்டி, பொடியாக நறுக்கி, குழியில் மிதித்துக் காற்றுப் புகாமல் மூடினால் மாதக்கணக்கில் கெடாது. ஒரே நிபந்தனை, கோடை வரும்வரை மூடியைத் தொடக் கூடாது.

பாதி வயலைப் பச்சையாக வெட்டச் சம்மதம் வாங்குவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. "கதிர் முத்துற நேரத்துல வெட்டிப் போடுறதுக்கா நான் தண்ணி பாய்ச்சினேன்?" என்று கணவன் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். கடைசியில் வேண்டாவெறுப்பாகத் தலையாட்டினான். வீடே இறங்கி மிதித்தது. தார்ப்பாய் விரித்து, ஓரமெல்லாம் மண் அணைத்து, மேலே பழைய டயர்களை அடுக்கினாள்.

அதோடு விட்டார்களா? மறுநாளே மாமியார் ஒரு மூலையைத் தூக்கி மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தார்.

"அத்தை, திறக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"எங்கம்மா திறந்தேன்? லேசாத் தூக்கிப் பாத்தேன், அவ்வளவுதான்."

கொழுந்தன் கூட்டாளிகளை அழைத்துவந்து வேடிக்கை காட்டினான். பக்கத்து வயல்காரர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து, "புளிச்ச வாடை அடிக்குதே" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். புளித்தால்தான் அது சரியாக ஊறுகிறது என்று அர்த்தம். யாரிடம் சொல்ல? அன்றிலிருந்து கணவனுக்கும் இருப்புக்கொள்ளவில்லை. தினமும் தார்ப்பாயைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தான்.

"உள்ள சுடுதுடி. எல்லாம் வெந்து போயிடும் போல."

"நீங்க காத்து விட்டா சுடாம என்னங்க செய்யும்?"

கத்தினாள், கெஞ்சினாள், முள்ளை வெட்டி மேலே போட்டாள். முள்ளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார்கள். பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிற கூட்டம்கூட இத்தனை முறை துணியை விலக்காது.

கோடையில் குழியைப் பிரித்தாள். மேலேயும் ஓரங்களிலும் கறுப்பும் வெள்ளையுமாகப் பூஞ்சணம். அதை மாட்டுக்குப் போட்டால் நோய்தான் வரும். வாரி வாரி எருக்குழியில் கொட்டினாள். நடுவில் மட்டும், யார் கையும் எட்டாத ஆழத்தில், மஞ்சள் கலந்த பச்சையாக அருமையாக ஊறியிருந்தது. ஒரு கூடை கொண்டுபோய்க் கொட்டியதும் மாடுகள் முட்டி மோதித் தின்றன.

"அட, நல்லாத்தான் வந்திருக்கு," என்றான் கணவன். "இப்படி வரும்னு தெரிஞ்சிருந்தா நான் தொட்டிருக்கவே மாட்டேனே."

அவள் சொல்லாத நாள் உண்டா?

"மிச்சம் இருக்கிறது மூணு மாட்டுக்குத்தாங்க வரும். ஒண்ணை வித்தாகணும்."

"எதை?"

"நீங்களே பாத்துச் சொல்லுங்க."

அவன் தொழுவத்துக்குள் போய் ஒவ்வொன்றாகப் பார்த்தான். கடைசியில் ஒன்றின் முதுகைத் தட்டினான். "இதைத் தள்ளிடலாம். வயிறு எவ்வளவு பெருசா இருக்கு பாரு, இதுதான் எல்லாத்தையும் தின்னு தீக்குது."

"அது நிறைமாசச் சினைங்க."

அவன் கையை எடுத்துக்கொண்டான். அதற்குமேல் வேறொன்றைக் காட்டவும் இல்லை, அங்கிருந்து நகரவும் இல்லை. எந்த மாடு போக வேண்டும் என்பது பூஞ்சணத்தை வாரும்போதே அவளுக்குத் தெரியும். அதை அவன் வாயால் சொல்லிவிட்டால் தன் வாயால் சொல்ல வேண்டியிருக்காதே என்றுதான் கேட்டாள். அதற்கும் அவன் உதவவில்லை.