புயு மீன் தட்டிய மத்தியானம்

போன வாரம் லாயாங் லாயாங் ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் கணவர் தவறி இரண்டு மாதம் ஆகிறது. தனியாகத்தான் இருக்கிறாள். அடுப்படியில் யாரோ நடக்கிற சத்தம் கேட்கிறதாம்.

"பயமா இருக்குடா. வீட்ட பூட்டிட்டு மகன்கிட்ட ஜேபி டவுனுக்கே போயிடலாமான்னு பாக்குறேன்" என்றாள். முப்பது வருடம் வாழ்ந்த வீடு. போக அவளுக்கு மனசே இல்லை.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, மாக்சிக் என்றுதான் கூப்பிடுவோம், ஒரு வழி சொல்லியிருந்தார். ஒரு மண் ஜாடி, அதற்குள் ஒரு புயு மீன். தமிழ்நாட்டில் பனையேறிக் கெண்டை என்பார்களே, அதுதான். கெட்டது ஏதாவது வீட்டுக்குள் வந்தால் இந்த மீன் துள்ளிக் காட்டிக் கொடுக்குமாம். அக்காவும் அப்படியே ஒன்றை வாங்கி அடுப்படியில் வைத்திருந்தாள்.

நான் போன மறுநாள் காலையில் ஜாடிக்குள் மீன் இல்லை. எங்கே? பின்வாசல் ஓரம், சிமெண்டுத் தரையில், செவுள் மூடியை ஊன்றி ஊன்றி நடந்துகொண்டிருந்தது. பார்த்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

பிடித்து ஜாடியில் போட்டேன். மீனுக்குத் தண்ணீர்தானே முக்கியம்? விளிம்பு வரை ஊற்றி, சில்வர் தட்டால் மூடி, மேலே அம்மிக் குழவியையும் ஏற்றினேன். கெட்டிக்காரன் அல்லவா...

மத்தியானம் மழை பிடித்தது. வீடே இருண்டு கிடந்தது. டங் — தட்டிலிருந்து சத்தம். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டங்.

"வந்துருச்சுடா" என்றாள் அக்கா, மெதுவாக. பேக்கை எடுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தாள். நான் சாம்பிராணி போட்டேன். பேய் பிசாசை நம்பாதவன்தான்... ஆனால் மூலை மூலையாகப் புகை காட்டினேன். டங், டங், டங். பிறகு இடைவெளி கூடியது. பிறகு சத்தமே இல்லை.

"போயிருச்சு" என்று அக்கா பெருமூச்சு விட்டாள்.

தட்டை எடுத்துப் பார்த்தேன். மீன் மல்லாந்து கிடந்தது. அக்கா கையெடுத்துக் கும்பிட்டு அழுதாள். "எனக்கு வந்தத இது வாங்கிக்கிச்சுடா. இனிமே நான் எங்கயும் போகல."

மறுநாள் வேலியோரம் மாக்சிக்கிடம் நடந்ததைச் சொன்னேன். "அலமாக்... மேல காத்துக்கு எடம் விட்டியா?" என்று மலாயில் கேட்டார். புயு மேலே வந்து வாயால் காற்றை இழுக்கிற மீனாம். தரையில் நடந்தும் பிழைப்பது அதனால்தான். மேலே காற்று இல்லையென்றால் தண்ணீருக்குள்ளேயே மூச்சுத் திணறிச் செத்துவிடுமாம். ஓட்டை போட்ட மூடியோ வலையோ போதுமாம்.

நமக்கு ஒரு குணம் உண்டு. சத்தம் கேட்டால் மூடியைத் திறந்து பார்க்க மாட்டோம், சாம்பிராணிதான் போடுவோம். அந்தப் பாவம் இன்னும் என் நெஞ்சை அறுக்கிறது.

அக்காவிடம் இதைச் சொல்லவில்லை. அவள் நிம்மதியாக இருக்கிறாள். அடுப்படிச் சத்தமும் நின்றுவிட்டதாம் — அது எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆனால் நான் எழுதும் இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் படிக்கிறவள் அவள்.

அக்கா, நீ அந்த வீட்டிலேயே இரு. அன்றைக்கு அங்கே பார்த்துப் பயப்பட வேண்டிய ஆள் நான் ஒருவன்தான்.