வரைபடத்தில் ஒரு புள்ளியாக இருந்தபோது

முதல் தடவை அது வந்தபோது கல்வராயன் மலைப்பாதையில் ஸ்கூட்டியில் ஏறிக்கொண்டிருந்தேன். இடது கை மரத்தது. நெஞ்சைக் கயிறு போட்டு இறுக்கியதுபோல் இருந்தது. மூச்சு போதவில்லை. வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். செத்துப்போகிறேன் என்றே நினைத்தேன். மரவள்ளிக் கிழங்கு ஏற்றி வந்த டெம்போக்காரர் ஒருவர் என்னைக் கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் கொண்டுவந்து சேர்த்தார்.

ஈசிஜி (இதயத் துடிப்பைக் கோடுகளாகப் பதியும் சோதனை) சரியாக இருந்தது. ரத்தத்திலும் குறையில்லை. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு, அப்புறம் எதுக்கு அழுவுற?" என்று கேட்டார் என் கணவர் செல்வம். தியாகதுருகம் பக்கத்தில் கரும்பு வைத்திருக்கிறோம்.

"ஒண்ணுமில்லன்னா, எனக்கு வந்தது இன்னா?" என்றேன்.

நெஞ்சு வலித்தால் முதலில் இதயத்தைச் சோதித்துவிடுங்கள். அதில் குறையில்லை என்று தெரிந்தும் வலி திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் ஒரு மக்காச்சோள விதை கம்பெனியின் களப்பணியாளர். விவசாயிகளின் கொல்லைக்குப் போய்ப் பயிரைப் பார்த்து யோசனை சொல்வது என் வேலை. அந்த வேலை எனக்குப் பிடிக்கும். பிறகு எங்கள் போன்களில் ஒரு செயலியைப் போட்டார்கள். நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பது மேலாளரின் வரைபடத்தில் புள்ளியாகத் தெரியும். நகர்ந்தால் பச்சை. நின்றால் சிவப்பு. சிக்னல் போனால் சாம்பல்.

"இன்னாம்மா, ஒரே எடத்துல நின்னுகினு இருக்கீங்க?" என்று மேலாளர் போனில் கேட்பார்.

"கொல்லையில புழு வுழுந்திருக்கு சார், பாத்துகினு இருக்கேன்."

"சீக்கிரம் முடிங்க. மேல கேக்கறாங்க."

மலையில் பாதி இடங்களில் டவர் கிடைக்காது. விவசாயியிடம் பேசுவதைப் பாதியில் விட்டுவிட்டுச் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஓடுவேன். போன் அடிக்காதபோதும் அடிப்பதுபோல் கேட்கத் தொடங்கியது. குளிக்கும்போதுகூட அதைச் சோப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்திருப்பேன்.

இரண்டாம் தடவை தியாகதுருகத்தில் உரக்கடை வாசலில் வந்தது. அடுத்தது வீட்டில், சோறு வடிக்கும்போது. அதன்பின் வண்டியைத் தொடவே பயந்தேன். மருத்துவ விடுப்பு எடுத்தேன்.

மனநல மருத்துவரைப் பார்க்கலாம் என்று நான் சொன்னபோது செல்வம் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். "ஊர்ல கேட்டா இன்னா சொல்றது?" என்றார். சற்று நேரம் கழித்து அவரே சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். "நெஞ்சுவலின்னே சொல்லிக்கலாம். கெளம்பு."

மருத்துவர் என் வயதுக்காரப் பெண். பேசிக்கொண்டிருக்கும்போதே மேசைமேல் இருந்த என் போன் அதிர்ந்தது. நான் எடுக்கவில்லை. ஆனால் முந்தானையைப் பிடித்திருந்த என் விரல்களை அவர் பார்த்துவிட்டார்.

"உங்க கை நடுங்குது, கவனிச்சீங்களா?"

அதுவரை நான் கவனித்ததில்லை.

பேனிக் அட்டாக் (ஆபத்து ஏதும் இல்லாதபோதும் திடீரெனக் கிளம்பும் பெரும்பயம், உடலில் மாரடைப்பு போலவே தெரியும்) என்றார். "வலி உண்மைதாங்க. நீங்க நடிக்கல. எந்நேரமும் யாரோ பாத்துட்டே இருக்காங்கன்னா உடம்பு ஓடத் தயாராவே நிக்கும். ஓட எடம் இல்ல, அதான் இப்படி வெடிக்குது."

மாத்திரை உடனே வேலை செய்யவில்லை. முதலில் குமட்டலும் தூக்கமும்தான். கூடவே அவர் சொன்ன பயிற்சி விசித்திரமாக இருந்தது. "இதயம் வேகமா அடிச்சாலே இப்ப உங்களுக்குப் பயம். நீங்களே அதை வேகமா அடிக்க வைங்க."

மொட்டைமாடிப் படியில் ஓடி ஏறி இறங்கினேன். துடிப்பு தொண்டைவரை வந்தது. பயமும் வந்தது. ஓடுவதை நிறுத்தி நின்றேன். கொஞ்ச நேரத்தில் இரண்டும் தாமாகவே அடங்கின. கீழே செல்வம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்பார். "ஜாஸ்தி ஓடாத, வுழுந்துடப் போற" என்பார். ஆனால் ஒருநாளும் தடுத்ததில்லை.

விடுப்பு முடிந்ததும் மேலாளரைப் போய்ப் பார்த்தேன். வேலை போனாலும் போகட்டும் என்று துணிந்திருந்தேன்.

"சார், மலை ஏறுற நாள்ல அந்தச் செயலிய அணைச்சு வெச்சுடுவேன். கீழ எறங்கி வந்து எல்லாத்தையும் பதிஞ்சுடறேன். இதுக்கு ஒத்துகினா வேலைக்கு வரேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கதவைச் சாத்திவிட்டுத் தன் போனை என் பக்கம் திருப்பினார். "என் பேருலயும் ஒரு புள்ளி ஓடிகினுதான் இருக்கும்மா," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீங்க பாத்த டாக்டர் எங்க இருக்காங்க?"

மேலிடத்தில் பேசி மலைநாட்களுக்கு மட்டும் விலக்கு வாங்கித் தந்தார். செயலியின் கணக்கை வைத்து மாதாமாதம் வரும் களப்பணியாளர் தரவரிசையில் என் பெயர் கடைசியில் இருக்கிறது. முதலில் அது சுட்டது. இப்போது அதைத் திறந்து பார்ப்பதே இல்லை.

முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று சொல்லமாட்டேன். மாத்திரை தொடர்கிறது. சங்கராபுரம் பேருந்தில் ஒருமுறை அது திரும்ப வந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். போய்விட்டது. பக்கத்தில் நின்றவருக்குக்கூடத் தெரியாது.

சென்ற அறுவடையின்போது வெள்ளிமலைப் பக்கம் சின்னப்பொண்ணு என்ற விவசாயியின் கொல்லைக்குப் போயிருந்தேன். ஆள் கம்மி என்று அவர் தனியாகக் கதிர் ஒடித்துக்கொண்டிருந்தார். நானும் இறங்கினேன். சரிவில் மூட்டையை இருவரும் பிடித்து மேலே ஏற்றினோம். வேர்த்துக் கொட்டியது. அவர் தன் மகள் கல்யாணக் கதையைச் சொல்ல, சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. வெயில் எப்போது சாய்ந்தது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. அவ்வளவு மேடு ஏறியிருக்கிறேன். என் இதயம் எவ்வளவு வேகமாக அடித்திருக்கும்! நான் கவனிக்கவே இல்லை.