பின் பெஞ்சில் முணுமுணுத்தது

இங்கிலீசில் நடக்கிற சரித்திர, பூகோள வகுப்பில் பின் பெஞ்சில் உட்கார்ந்து, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அதைத் தமிழில் முணுமுணுக்கிற வேலைக்குப் பேர் கிடையாது. செய்தவர்களுக்குத் தொண்டைக்கட்டு மட்டும் உண்டு. நீங்களும் அப்படி ஒரு மூலையில் உட்கார்ந்தவர்களாக இருந்தால் இது உங்களுக்குப் புரியும்.

வேலைக்குச் சேர்ந்தது

அப்பாவுக்குத் தோட்டத்துத் துரை பங்களாவில், குசினியில் சமையல் வேலை. அந்தத் தயவில் ஹட்டனில் ஒரு இங்கிலீசுப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாவது வரை படித்தேன். கல்யாணமாகிக் கைப்பிள்ளையோடு இருந்தபோது அதே பள்ளிக்கூடத்து மிஸ் கூப்பிட்டனுப்பினார். அவர் பறங்கியர், வீட்டிலும் இங்கிலீசுதான், தமிழ் தெரியாது. தோட்டங்களிலிருந்து புதிதாக வந்த ஏழு பிள்ளைகளுக்கு அவர் பாடம் விளங்கவில்லையாம். "பாப்பா அழுவாளே மிஸ்" என்றேன், தரையைப் பார்த்துக்கொண்டு.

"அழட்டும். என் பாடத்தைக் கேட்டு இவர்களும் அந்த நிலைமையில்தான் இருக்கிறார்கள்."

ராஜாவும் மந்திரியும்

கண்டி ராஜா பாடம். ராஜா என்றால் பெரிய துரை மாதிரி, மந்திரி என்றால் கணக்கப்பிள்ளை மாதிரி என்று சொல்லிவைத்தேன். ஏழு பேரில் கெட்டிக்காரியான பாக்கியம் கொஞ்சம் யோசித்தாள்.

"அப்ப ராஜா எப்பக்கா லீவுல சீமைக்குப் போவாரு?"

சுலபமான வழி

வருசக் கடைசிப் பரீட்சையில் தேறினால் படிப்பு, இல்லாவிட்டால் கொழுந்துக்கூடை என்று பாக்கியத்தின் அப்பா சொல்லியிருந்தார். அதனால் அவளுக்கு நான் கூடுதலாகவே செய்தேன். அவள் பதிலைத் தமிழில் என் காதில் சொல்வாள். நான் இங்கிலீசாக்கிச் சிலேட்டில் எழுதிக் காட்டுவேன். அவள் பார்த்து எழுதுவாள். மிஸ் மெச்சினார். எனக்கும் பெருமையாக இருந்தது. ஒருநாள் மட்டும், "நீயே எழுதிப் பாரு" என்று சிலேட்டை மூடிவைத்தேன்.

"நீங்க இருக்கறப்ப நான் எதுக்குக்கா மெனக்கெடணும்?"

பரீட்சை

பரீட்சைக்கு என்னை உள்ளே விடவில்லை. வராந்தாவில் பாப்பாவைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டு நின்றேன். பாக்கியம் குனிந்த தலை நிமிராமல் எழுதினாள். கேட்டுக் கேட்டுக் கேள்விகள் அவளுக்குப் பழகியிருந்தன. பதில் எல்லாம் தமிழில்.

மிஸ் அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "இதில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார். இருந்தது. ஆறு, மலை, ராஜா, ஒன்றுகூடத் தப்பில்லை. பக்கத்தில் தலைமை ஆசிரியர், எங்கள் பெரிய மாஸ்டர், நின்றார். சிலேட்டு விசயம் வெளியே வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். "தமிழில் எழுதியிருக்கிறாள்" என்று மட்டும் சொன்னேன். பெரிய மாஸ்டர் தாளை வாங்கி நாலாக மடித்தார்.

"தமிழுக்கு இங்கே மார்க் கிடையாது."

தலவாக்கலை பஸ்

மூன்று வருசம் கழித்து பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் பாக்கியம். விரல் நுனியெல்லாம் கொழுந்துக் கறை. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன், "அம்மா சுகமா?" என்று வந்தது. அவள் என் மகளை மடியில் தூக்கிவைத்து, ஜன்னல் வழியே ஆற்றைக் காட்டினாள்.

"இந்தத் தண்ணி மகாவலியில சேந்து திருகோணமலைக் கடலுக்குப் போவுது பாப்பா, உங்கம்மா சொல்லிக் குடுத்தது."

வருசம் பூராவும் இரண்டு பாஷையில் பேசின எனக்கு, அவள் தாளுக்காகப் பேச வேண்டிய அந்த ஒரு நாளில் இரண்டுமே வரவில்லை.