எட்டாம் நாளுக்கு ஒரு ரை விஸ்கி

துபாயில் ஏறினால் பதினான்கு மணித்தியாலத்தில் ரொறொன்ரோ. அறுபத்தெட்டு வயதில் அவ்வளவு நேரம் காலை மடக்கி இருந்துவிட்டு, ஒருவருடைய தோளையும் பிடிக்காமல் இறங்கி நடந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். படிப்பு ஐந்தாம் வகுப்பு. சுன்னாகம் சந்தையில் வெங்காய மூட்டை சுமந்து தொடங்கியவன், இன்று இரண்டு லொறியும் ஒரு இரும்புக்கடையும் வைத்திருக்கிறேன். குடிவரவு மேசையில் இருந்த பெண் ஏன் வந்தாய் என்று கேட்டாள். "ஃபிரண்ட். டெத்." இரண்டு சொல்லில் அலுவல் முடிந்தது. பக்கத்து மேசையில் நின்ற படித்த மனுசன் நான் பெட்டி எடுத்துக்கொண்டு வெளியே போகும்வரை விளக்கம் சொல்லிக்கொண்டே நின்றார்.

செத்தவன் தவராசா, எனக்குத் தவம். சந்தையில் அந்த மூட்டைகளின் மறுபக்கத்தைப் பிடித்தவன். பிறகு கனடாவுக்கு வந்து, குளிர்சாதனக் கிடங்கு ஒன்றில் உறைந்த இறைச்சிப் பெட்டி ஏற்றி இறக்கியே பிள்ளையை வளர்த்தான். விமானத்தில் இடம் கிடைக்காததால் எரிப்புக்கு வர முடியவில்லை. எட்டுக்கு வந்து சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் எட்டாம் நாள் செத்தவருக்கு விருப்பமான மீன், நண்டு, குடி எல்லாம் இலையில் படைப்போம். அதற்கென்றே துபாய் விமானநிலையத்தில் இருநூற்றிருபது அமெரிக்க டொலருக்கு ஒரு ஸ்கொட்ச் விஸ்கி வாங்கினேன். தங்கநிறப் பெட்டி. பெட்டிக்குள் பட்டுத்துணி.

ரக்சிக்காரன் மன்னார்ப் பெடியன். பெட்டியை மடியில் வைத்திருந்ததைக் கண்ணாடியில் பார்த்தான்.

"உதைப் பக்கத்து சீற்றிலை வையுங்கோ அங்கிள்."

"விழுந்து உடைஞ்சால் உன்ரை ரக்சியை வித்தாலும் காணாது தம்பி."

"ரக்சி என்ரையில்லை. தாராளமா விழுத்துங்கோ."

முப்பது கிலோமீற்றர், எழுபத்தெட்டு டொலர். நவம்பர் மாதம், மரங்களில் ஒரு இலை இல்லை. லோரன்ஸ் வீதியில் அரபு இனிப்புக் கடை, பிலிப்பைன்ஸ் வெதுப்பகம், எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடை என்று அடுத்தடுத்து வந்தன. அந்த வீதியிலிருந்து திரும்பினால் வெக்ஸ்போர்ட்டில் தவத்தின் வீடு. மாடியில்லாத செங்கல் வீடு. எனக்கு அதைப்போல மூன்று இருக்கிறது, ஆனால் குளிருக்குச் சூடேற்றுகிற வீடு ஒன்றும் இல்லை.

பின்னேரம் நான்கு மணி. தவத்தின் மனைவி ராணி சுறாப்புட்டு, இறால் பொரியல், நண்டுக் கறி எல்லாம் செய்து முடித்திருந்தாள். மகன் சுதன், முப்பத்துநான்கு வயது, குழாய் வேலை செய்கிறவன், கூரையில் இருந்த புகை அலாரத்துக்குக் குளிக்கிற தொப்பியைப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தான். கற்பூரம் கொளுத்தினால் அது கத்துமாம். நான் தங்கப் பெட்டியை இலைக்குப் பக்கத்தில் வைத்தேன். எல்லாரும் பார்க்கிற மாதிரித்தான் வைத்தேன்.

ராணி பார்த்தாள். "அண்ணை, கோவிக்காதேங்கோ. உது அவர் குடிக்கிறேல்லை."

"உதின்ரை விலை தெரியுமோ தங்கச்சி? இஞ்சத்தைப் பெரிய டொக்டர்மாரும் உதை மணந்துதான் பாத்திருப்பினம்."

"இருக்கட்டும். அவருக்கு ரை. ஐம்பது போட்ட ரை."

ரை என்பது கோதுமைக்கு உறவான ஒரு தானியம். அதிலிருந்து வடித்தெடுக்கிற விஸ்கிக்கும் அதே பெயர். சாதாரண விஸ்கியில் மதுசாரம் நாற்பது வீதம். இது ஐம்பது. வேகம் கூட, விலை குறைவு. வீட்டில் இருந்த கடைசிப் போத்தலைத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் குடித்து முடித்துவிட்டார்கள்.

செத்தவனுக்கு உயர்ந்ததைக் கொடுத்தால் வேண்டாமென்றா சொல்லுவான் என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அவள் விடவில்லை.

"அவருக்கு என்ன கோட் போடுறதெண்டு மகன் சொன்னான். எத்தினை மணிக்கு எரிக்கிறதெண்டு மண்டபக்காரன் சொன்னான். ஆர் பேசுறதெண்டு சங்கக்காரர் சொல்லிச்சினம். எல்லாத்துக்கும் ஓம் ஓமெண்டு தலையாட்டினன். இந்த ஒரு கிளாஸ் நான் சொல்லுறதா இருக்கட்டும், அண்ணை. அது வராமல் விளக்குக் கொளுத்த மாட்டன்."

சந்தையில் எத்தனையோ பேருடன் விலை பேசி வென்றவன் நான். அந்த முகத்தோடு பேரம் பேச எனக்குத் தெரியவில்லை. "சுதன், காரை எடு" என்றேன்.

இந்த மாகாணத்தில் இப்படியான விஸ்கி வாங்க அரசாங்கத்தின் கடைக்குத்தான் போகவேண்டும். மருந்துக்கடை போலத் துப்புரவு. லோரன்ஸ் வீதிக் கடையில் நாற்பது மட்டும் இருந்தது.

"அங்கிள், நாற்பதை எடுப்பம். கிளாசிலை ஊத்தினால் ஆருக்குத் தெரியும்?"

"கொம்மாவுக்குத் தெரியும்."

கடைப் பெண் கணினியைத் தட்டிப் பார்த்து, பிக்கரிங்கில் இரண்டு போத்தல் இருப்பதாகச் சொன்னாள். இருபத்திரண்டு கிலோமீற்றர். நானூற்றொன்று என்ற நெடுஞ்சாலையில் வேலை முடிந்து போகிற கார்கள் சிவப்பு விளக்குகளோடு ஊர்ந்தன. எங்கள் ஊரில் லொறிக்காரன் இந்நேரம் புல்லுக்குள்ளாவது இறக்கி முந்தியிருப்பான். இங்கே ஒருவரும் ஹோன் கூட அடிக்கவில்லை.

பிக்கரிங் கடையில் நானே தேடினேன். ஆங்கிலம் வாசிக்க வராது, இலக்கம் வரும். நல்ல சாமானைக் கண் மட்டத்தில் வைப்பதுதான் வியாபாரம், என் கடையிலும் அப்படித்தான், ஆகவே கண் மட்டத்திலேயே தேடிக்கொண்டு போனேன். சுதன் குந்தி இருந்து, முழங்காலுக்குக் கீழே இருந்த தட்டிலிருந்து எடுத்தான். வெறும் கண்ணாடி, வெறும் கடதாசி, அதில் 50. விலை முப்பத்தாறு டொலர் தொண்ணூற்றைந்து சதம். இரண்டையும் வாங்கினேன்.

வீட்டுக்கு வர ஏழு மணி. போத்தலின் மூடியை ராணி என்னைத் திறக்க விடவில்லை. தானே திறந்து, கிளாசின் வெளியே இரண்டு விரலை வைத்து அளந்து ஊற்றி, ஒரேயொரு ஐஸ் கட்டி போட்டு, இலையின் வலப்பக்கம் வைத்தாள். பிறகு விளக்குக் கொளுத்தினாள். படைத்தபின் செத்தவர் ஆறுதலாக வந்து சாப்பிடட்டும் என்று அறைக் கதவைச் சாத்திவிட்டு, எல்லோரும் குசினிக்குள் சத்தமில்லாமல் நின்றோம். திறந்தபோது ஐஸ் முழுதும் கரைந்திருந்தது.

மூத்தவன் என்று கிளாசை என்னிடம் தந்தார்கள். சாராயம் பழகிய தொண்டை என்ற எண்ணத்தில் ஒரே இழுவையில் இறக்கப் பார்த்தேன். கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது.

"மெல்ல, அங்கிள். அப்பா உந்த ஒரு கிளாசை ஒரு மணித்தியாலம் வைச்சிருப்பார்."

மெல்லக் குடித்தேன். முதலில் மிளகு. பின்னால் கராம்பு. அதற்குப் பிறகு மரம் அரிகிற இடத்தில் நிற்கும் வாசம். எல்லாம் இறங்கியபின் நாக்கடியில் பனங்கட்டிப் பாகு கருகினது போல ஒரு இனிப்பு. ஐஸ் கரைந்த தண்ணீர் சேர்ந்தும் அதன் குணம் கெடவில்லை. நாற்பதில் அவ்வளவு தண்ணீர் கலந்தால் கிளாஸ் கழுவின தண்ணீர்தான் மிஞ்சும். நெஞ்சுக்குள் மெதுவாகச் சூடு பரவி, அங்கேயே தங்கியது. ஒரு நாள் முழுக்க உறைந்த பெட்டி தூக்கினவன் வீட்டுக்கு வந்து ஏன் இதைத் தேடினான் என்று எனக்கு விளங்கியது. விலை குறைவென்று குடித்தவனில்லை அவன். இது அவனுக்குப் பிடித்திருந்தது. அவ்வளவுதான்.

"எனக்கும் ஒரு சொட்டு விடுங்கோ" என்றாள் ராணி.

சுதன் திரும்பிப் பார்த்தான். நான் தேத்தண்ணிக் கோப்பையில் கொஞ்சம் விட்டேன். ஒரு மிடறு குடித்து, இருமி, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். "ஐயோ, உந்த நெருப்பையே மனுசன் இவ்வளவு காலமும் ரசிச்சுக் குடிச்சவர்!" சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். சுதன் போய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தான்.

ஒரு கிழமை நின்றேன். திரும்பும் நாள் விமானநிலையத்தில் இருந்தபோது, சுன்னாகத்தில் என் வீட்டுக் கண்ணாடி அலுமாரி நினைவுக்கு வந்தது. பதினொரு போத்தல், எல்லாம் பெயர்பெற்றவை, பாதி திறக்காதவை. வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் போனதில்லை. மனைவிக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"எனக்கு என்ன குடி விருப்பமெண்டு சொல்லு பாப்பம்."

"அங்கை நிண்டுகொண்டு உதென்ன கேள்வி?"

"சும்மா சொல்லு."

கொஞ்சம் யோசித்தாள். "ஆருக்குத் தெரியும்? வாற ஆக்களுக்கு எதைக் காட்டோணுமோ அதைத்தானே நீங்கள் எடுக்கிறனீங்கள். தேத்தண்ணி எண்டால் சொல்லுவன். நல்ல சாயம், சீனி இரண்டரைக் கரண்டி, சுடச்சுட."

விமானத்துக்கு அழைத்தார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒன்று போட்டுத் தா என்றேன்.